பழம்பாட்டிற் புதிய இசை கண்ட பாக்

பழமையைப் போற்றுவோர் புதுமையை ஐயுறுதலும், புதுமையை விழைவோர் பழமையை எள்ளுதலும் எக்காலத்தும் உள்ளனவே. இலக்கியம் பயிலும் நமக்கு இவ்வழக்குப் புதிதன்று. யாப்பிலும் நடையிலும் நிகழும் இது ஆலயத்துள்ளும் நிகழ்கின்றது. முன்னோர் பாடிய ஞானப்பாட்டுக்களை அவர் பாடியவாறே பாடுதல் வேண்டும் என்பார் ஒருசாரார்; அவை நம் காலத்திற்கு ஒவ்வா, ஒதுக்கி வைத்துப் புதியன பாடுவோம் என்பார் மற்றொருசாரார். இவ்விரு சாரார்க்கும் நடுவே நின்று, பழம்பாட்டின் உருவத்தைச் சிதையாது காத்து, அதனைச் சூழ முன்னொருவரும் கேட்டிராத இசையை எழுப்பிய ஒருவர் வாழ்ந்தனர். அவரே ஜெர்மனி நாட்டு யோகான் செபாஸ்டியன் பாக் என்னும் இசைப் பெருந்தகையார்.

எம் ஊராகிய திருவண்ணாமலைக்கும் ஐரோப்பாவில் முந்நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர்க்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. எம் ஊரில் டேனிஷ் மிஷன் ஐயர்மார் பள்ளியும் ஆலயமும் கண்டனர். அவர் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையார் இன்றும் பாடிவரும் ஞானப்பாட்டுக்களுட் பல, பாக் தம் சிறுபருவத்திற் பாடிய பாட்டுக்களே. மெட்டு அதுவே, பொருளும் அதுவே, மொழி ஒன்றே வேறு. ஆதலின் அவர் வரலாறு நமக்கு முற்றும் அயலாரது வரலாறன்று. அவ்வரலாறு முழுவதையும் ஈண்டு விரிக்கப் புகின் ஏடு இடங்கொடாது. பழைய திருச்சபைப் பாட்டை அடிப்படையாகக் கொண்டு ஆர்கன் கருவிக்கு அவர் இசை வகுத்த திறம் ஒன்றையே இழையாகப் பற்றிச் செல்கின்றோம்.

பாட்டும் கருவியும்

வரலாற்றிற் புகுமுன் இரண்டு சொற்களை விளக்குதல் நலம். முதலாவது, சபைப்பாட்டு. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லுத்தர் திருச்சபையைச் சீர்திருத்த முற்பட்ட பொழுது, ஆலயத்திற் பாடும் உரிமையைக் குருமாரிடத்தும் பாடகர் குழுவினிடத்துமே விடாது சபையார் அனைவர்க்கும் வழங்கினார். அதன்பொருட்டுத் தாய்மொழியில், எளிய மெட்டில், யாவரும் ஒருங்கே பாடத்தக்க பாட்டுக்களைத் தாமும் இயற்றினார், பிறரையும் இயற்றுவித்தார். 1524-ஆம் ஆண்டிலேயே அவை நூல் வடிவில் அச்சேறின. உழவனும் வணிகனும் குழந்தையும் கிழவியும் அவற்றை மனப்பாடமாக அறிந்திருந்தனர்.

இரண்டாவது, ஆர்கன். நம் சிற்றூர் ஆலயங்களிலுள்ள ஆர்மோனியப் பெட்டியை அதன் சிறிய உறவினன் எனலாம். துருத்தியால் ஊட்டப்படும் காற்று, ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த குழல்களிலும் மரக்குழல்களிலும் புகுந்து ஒலிக்கும். ஒரு கருவியில் ஆயிரக்கணக்கான குழல்கள் இருத்தலுமுண்டு. சில ஒரு விரலினும் சிறியன. சில பதினாறடி உயர்ந்து தூண் போல் நிற்பன. கையால் இயக்கும் கட்டைவரிசைகள் இரண்டோ மூன்றோ இருக்கும். இவற்றின் கீழே கால்களால் இயக்கும் பெருங்கட்டைகளின் வரிசை ஒன்றுண்டு. ஆதலின் ஒருவரே மூன்று நான்கு குரல்களை ஒருங்கே நடத்தலாம். மேற்குரலிற் பாட்டின் மெட்டுச் செல்ல, இடைக்குரல்கள் அதனோடு பின்னிச் செல்ல, காலின் கீழ்க்குரல் நிலம்போல் நின்று தாங்கும். சபையார் பாடத் தொடங்குமுன், அப்பாட்டின் மெட்டையும் உணர்ச்சியையும் நினைவூட்டுமாறு ஆர்கன் வாசிப்போர் ஒரு முன்னிசை வாசித்தல் லுத்தரன் ஆலயங்களின் வழக்கம். இம்முன்னிசையே பாக்கின் கையிற் பெருங்கலையாக வளர்ந்தது.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனியின் துரிங்கியா நாட்டிலுள்ள ஐசனாக் என்னும் ஊரில் 1685-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் பாக் பிறந்தார். எண்மர் மக்களுள் இவரே கடைக்குட்டி. தந்தையார் யோகான் அம்புரோசியஸ் அவ்வூரின் நகர இசைவாணர். தஞ்சை மாவட்டத்தில் நாகசுரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் ஒரே தொழிலில் நிற்றல் போல, பாக் குடும்பத்தாரும் துரிங்கியாவில் பல தலைமுறை இசைத்தொழிலில் நின்றனர்.

ஐசனாக் லுத்தரோடு தொடர்புடைய ஊர். அவர் சிறுவராயிருந்த பொழுது கல்வி பயின்றது அவ்வூரிலேயே. பிற்காலத்திற் புதிய ஏற்பாட்டை ஜெர்மானிய மொழியிற் பெயர்த்தது அவ்வூர்க் குன்றின் மேலுள்ள வார்ட்பர்க் கோட்டையிலேயே. லுத்தர் பயின்ற அதே பள்ளியில் பாக்கும் பயின்றார். புனித ஜார்ஜ் ஆலயத்திற் சிறுவர் குழுவிற் பாடினார். எனவே அப்பழம்பாட்டுக்கள் ஏட்டிற் கற்றனவாக அன்றி, மொழியோடு உடன்வந்தனவாகவே அவர் நெஞ்சிற் பதிந்தன.

ஒன்பது அகவையில் தாயை இழந்தார். பத்து நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். ஓர்ட்ரூப் என்னும் ஊரில் ஆர்கன் வாசிப்பவராயிருந்த தமையனார் இவரைத் தம் இல்லத்திற் சேர்த்துக் கற்பித்தார். தமையனாரிடத்துச் சிறந்த இசையாசிரியர்களின் ஆக்கங்களைத் திரட்டி எழுதிய ஏடொன்று பூட்டிய அலமாரியுள் இருந்தது. கேட்டும் கிடையாமையால், கம்பி இடையே சிறு கையை நுழைத்து அதனைச் சுருட்டி எடுத்து, விளக்கில்லாமையின் நிலவொளியில் ஆறு திங்கள் இரகசியமாகப் படியெடுத்தார் என்றும், முடிந்த பின் தமையனார் அறிந்து அப்படியைப் பறித்துக்கொண்டார் என்றும் அவர் மறைந்த சில ஆண்டுகளில் வெளிவந்த வரலாற்றுக் குறிப்புக் கூறுகின்றது. விரும்பிய நூலைப் பிறர் பெயரில் இரவல் வாங்கி இராமுழுதும் எழுதிக்கொள்ளும் மாணவர்க்கு இச்செய்தியின் அருமை விளங்கும்.

பதினைந்தாம் அகவையில், வடக்கே நெடுந்தொலைவிலுள்ள லூனபர்க் நகரின் புனித மிக்கேல் பள்ளியிற் பாடகர் குழுவிற் சேர்ந்து தம் செலவைத் தாமே ஈட்டினார். அந்நகரில் வாழ்ந்த கியோர்க் பேம் என்பார் பழைய சபைப்பாட்டுக்களின் மெட்டைப் பலவகையாக மாற்றி ஆர்கனுக்கு அமைப்பதில் வல்லவர். ஹாம்பர்க் நகரில் ரைன்கன் என்னும் முதுபெரும் ஆசிரியரும் அக்கலையிற் சிறந்து விளங்கினார். இவ்விருவர் நெறியையும் இளைஞராகிய பாக் கூர்ந்து கற்றார்.

கண்டனம்

1703-ஆம் ஆண்டு, பதினெட்டாம் அகவையில், ஆர்ன்ஸ்டாட் நகரின் புதிய ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பணி அவர்க்குக் கிடைத்தது. கருவியும் புதிது, ஊதியமும் அவ்வயதினர்க்கு நல்லதே. ஆயினும் அவர் உள்ளம் நிறைவுறவில்லை. லூபெக் நகரில் டீட்ரிக் புக்ஸ்டகூட என்னும் பெரும்புலவர் முதுமையுற்று வாழ்கின்றார்; அவர் மறையுமுன் அவர் வாசிப்பதைக் கேட்டல் வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. 1705-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு வாரம் விடுப்புப் பெற்று, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவைக் கால்நடையாகவே கடந்து லூபெக் சென்றார். அங்கே கேட்ட இசையில் மயங்கி, நான்கு வாரத்தை நான்கு திங்களாக்கினார்.

1706-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆர்ன்ஸ்டாட் சபைமேலாளர் அவரை அழைத்து விளக்கம் கேட்டனர். விடுப்பை மீறிய குற்றத்தோடு மற்றொரு குற்றமும் அன்று சாட்டப்பட்டது. சபைப்பாட்டின் இடையே வியப்பூட்டும் வேறுபாடுகளைப் புகுத்துகின்றார் என்றும், அயலான சுரங்களைக் கலக்கின்றார் என்றும், அதனாற் சபையார் பாட்டின் வழி தவறித் தடுமாறுகின்றனர் என்றும் மேலாளர் குறை கூறினர். முன்னிசையை மிக நீட்டுகின்றார் என்று முன்பு சொல்லியதற்கு, அவர் சினந்து மிகவும் குறுக்கிவிட்டார் என்பதும் குறைகளுள் ஒன்று.

இச்செய்தியைப் படிக்கும் இளைஞர், மேலாளரைப் புதுமை அறியாத மூடர் எனக் கருதுதல் எளிது. யாம் அவ்வாறு கருதவில்லை. சபைப்பாட்டு சபையாருடையது. வாசிப்பவன் தன் திறமையைக் காட்டும் பொருட்டு அவர்கள் வாயிலிருந்து அதனைப் பறிப்பானாயின், அது எத்துணை அழகிய இசையாயினும் ஆலயத்தில் அதற்கு இடமில்லை. மேலாளர் கேட்டது நேர்மையான கேள்வியே. ஆயின் பாக் கண்ட புதிய ஒலிகளும் பொய்யல்ல. பாடுவோர் வழி தவறாமலும், புதுமை மூச்சுத் திணறாமலும் இரண்டையும் ஒருங்கே காத்தல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காணுதலே அவரது பிற்கால உழைப்பின் பெரும்பகுதி என்று கூறுதல் தவறாகாது.

ஈண்டு ஒன்று நினைவுகூரத் தக்கது. ஆர்ன்ஸ்டாட்டில் இக்கண்டனம் நிகழ்ந்த அதே 1706-ஆம் ஆண்டு, ஜூலை 9-ஆம் நாள், சீகன்பால்கு ஐயரும் புளுட்சௌ ஐயரும் டென்மார்க்கு அரசன் அனுப்பத் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். பாக் எப்பாட்டுக்களின் பொருட்டுக் கடிந்துரைக்கப்பட்டாரோ, அவ்வகைப் பாட்டுக்களையே அவர்கள் தமிழிற் பெயர்க்கத் தலைப்பட்டனர். ஜெர்மானிய மெட்டிற்கேற்பத் தமிழ்ச் சொற்களை அடக்குதல் எளிதன்று. குறிலும் நெடிலும் மெட்டின் அசைவோடு முரணும். ஆயினும் 1715-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி அச்சகத்தினின்று தமிழ்ப் பாட்டு நூல் வெளிவந்தது. பின்னர் 1740-இல் வந்த பப்ரிசியுஸ் ஐயர் அப்பணியைச் செம்மை செய்தார். ஆக, ஒரே பழம்பாட்டுத் தொகுதி ஒரே காலத்தில் ஆங்கே புதிய இசையும், ஈங்கே புதிய மொழியும் பெற்றது.

சிறிய ஏடும் பெரிய கலையும்

1707-இல் மூல்ஹௌசன் நகரிலும், 1708 முதல் வைமார் அரண்மனையிலும் பாக் பணி புரிந்தார். வைமாரில் வாழ்ந்த காலத்திலேதான் ஆர்கன் சிற்றேடு என வழங்கும் நூலை எழுதத் தொடங்கினார். ஆண்டு முழுவதும் ஆலயத்தில் வேண்டப்படும் 164 பாட்டுக்களின் பெயர்களை ஏட்டின் பக்கந்தோறும் முன்னரே எழுதி வைத்தார். ஒவ்வொரு பக்கத்தையும் அவ்வப் பாட்டிற்கான முன்னிசையால் நிரப்புதல் அவர் கருத்து. நிரம்பியவை 46 மட்டுமே. எஞ்சியவை பெயரளவில் நின்றன. அதன் முகப்பில், பயிலத் தொடங்கும் ஆர்கன் மாணவன் ஒரு பாட்டைப் பலவாறு விரித்தமைக்கவும் காற்கட்டைகளைப் பயன்கொள்ளவும் கற்றற்பொருட்டு இதனை எழுதியதாகவும், கடவுளின் மாட்சிக்கும் பிறர் கல்விக்கும் இது ஆவதாகவும் அவர் குறித்துள்ளார். உலகம் போற்றும் இந்நூல் மாணவர்க்கென எழுதிய பாடநூல் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆர்ன்ஸ்டாட் வினாவிற்கு விடை இவ்வேட்டில் உளது. பெரும்பாலான முன்னிசைகளிற் பாட்டின் மெட்டு மேற்குரலில் முதலிலிருந்து இறுதிவரை இடையறாது, யாவரும் அறியுமாறு செல்கின்றது. குழந்தையும் அதனைப் பற்றிக்கொள்ளலாம். புதுமை முழுவதும் அதன் கீழ்க்குரல்களில் நிகழ்கின்றது. அப்புதுமையும் வெற்று விளையாட்டன்று; பாட்டின் சொற்பொருளினின்று பிறந்தது. ஆதாமின் வீழ்ச்சியைக் கூறும் பாட்டிற்கு அவர் அமைத்த இசையில், காலால் இயக்கும் கீழ்க்குரல் ஏழாஞ் சுரத்தொலைவிற்கு மீண்டும் மீண்டும் தாவி வீழ்கின்றது. கேட்போர் காலடி நிலம் நழுவுவதாக உணர்வர். வானோர் கூட்டம் இறங்கி வந்ததைக் கூறும் கிறிஸ்து பிறப்புப் பாட்டிற் சுரவரிசைகள் ஏறியும் இறங்கியும் சிறகடிக்கின்றன. கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து அழுமாறு மாந்தரை அழைக்கும் பாட்டிலோ, மெட்டு நுண்ணிய அணிகளோடு மெல்லென நகர்ந்து, சிலுவையில் நெடிது தொங்கியதைக் கூறும் ஈற்றடியில் எதிர்பாராத ஒரு சுரக்கூட்டத்தின்மேல் நின்றுவிடுகின்றது.

நம் நூல்களின் உரையாசிரியர் செய்வதும் இதுவன்றோ? மூலத்தின் ஒரு சொல்லையும் மாற்றாது, அதன் அடியில் தம் அறிவெல்லாம் வைத்து, மறைந்துகிடந்த பொருளை விளங்க வைப்பர். பரிமேலழகரைக் கற்ற பின் குறள் வேறாகத் தோன்றுகின்றது. ஆயினும் குறள் மாறிற்றில்லை. பாக்கின் முன்னிசையை, இசையால் எழுதிய உரை எனக் கூறின் அது பொருந்தும் என்பது எம் கருத்து.

1713-ஆம் ஆண்டின் இறுதியில் ஹாலே நகரின் தூய மரியாள் ஆலயத்தார் பாக்கை ஆர்கன் பணிக்குத் தேர்ந்தனர். அவர் பின்னர் அதனை ஏற்றிலர். தமிழ் அச்செழுத்துக்கள் வார்க்கப்பெற்றுத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டது அந்நகரிலிருந்தே. தரங்கம்பாடி ஐயர்மாரின் கடிதங்களை பிராங்கே என்னும் பெரியார் அச்சிட்டு ஐரோப்பா எங்கும் பரப்பியதும் அங்கிருந்தே என்பது நமக்கு இன்பந்தரும் செய்தி.

இழப்பும் ஏமாற்றமும்

1717-இல் வைமாரைவிட்டு நீங்க விடை கேட்டுப் பிடிவாதம் செய்தமையாற் கோமகன் சினந்து அவரை ஏறத்தாழ நான்கு வாரம் காவலில் வைத்தான். விடுதலை பெற்றுக் கோத்தன் அரண்மனையிற் சேர்ந்தார். 1720-ஆம் ஆண்டு, அரசனோடு வெளியூர் சென்று மீண்ட பொழுது, நலமாய் விட்டுச்சென்ற மனைவியார் மரியா பார்பரா இறந்து அடக்கமும் செய்யப்பட்டார் என்னும் செய்தி அவரை வாயிலில் எதிர்கொண்டது. தாயற்ற நான்கு மக்கள் எஞ்சினர்.

அவ்வாண்டின் இறுதியில் ஹாம்பர்க் சென்று, தம் இளமையிற் கேட்ட ரைன்கன் முன் ஆர்கன் வாசித்தார். பாபிலோன் ஆறுகளருகே சிறைப்பட்டோர் அழுத 137-ஆம் சங்கீதத்தைத் தழுவிய பழம்பாட்டை எடுத்து, ஏட்டின்றி, அப்பொழுதைக்கப்பொழுது தோன்றியவாறே அரைமணி நேரம் விரித்து வாசித்தார். அப்பாட்டின்மேல் ரைன்கனே தம் இளமையில் பேரிசை ஒன்று வகுத்திருந்தார். இக்கலை உலகில் மாண்டுவிட்டதென எண்ணியிருந்ததாகவும், பாக்கினிடத்து அது உயிரோடிருத்தலைக் கண்டதாகவும் அம்முதியவர் கூறி மகிழ்ந்தனர். ஆயினும் அந்நகரின் புனித யாக்கோபு ஆலயப் பணி அவர்க்குக் கிட்டவில்லை. 4,000 மார்க்குப் பணம் செலுத்திய மற்றொருவர்க்குக் கிடைத்தது. திறமையைப் பணம் வெல்லுதல் நம் காலத்துப் புதுமை அன்று என்பதற்கு இஃதொரு சான்று.

1721-இல் அன்னா மக்தலேனா என்னும் பாடகியாரை மணந்தார். இரு மனைவியர்க்கும் பிறந்த இருபது மக்களுட் பாதிப்பேர் இளமையிலேயே இறந்தனர். வீட்டில் அழுகை ஓய்ந்த நாள் சிலவே. அழுகையைத் தாங்கிய பழம்பாட்டுக்கள் அவர்க்கு வெறும் கலைப்பொருளாய் இருந்திரா.

லைப்சிக் நகரில்

1723-ஆம் ஆண்டு லைப்சிக் நகரின் புனித தோமா பள்ளியிற் பாடகர் தலைவரானார். நகரவையார் முதலில் விரும்பியது வேறிருவரை. அவர்கள் வாராமையாற் பாக்கை ஏற்றனர். இருபத்தேழாண்டு அங்கே உழைத்தார். பள்ளிச் சிறுவரின் குறும்பும், நகரவையாரின் சிக்கனமும், ஓயாத வேலையும் அவரை வருத்தின. எனினும் ஞாயிறுதோறும் ஆலயத்திற்கெனப் பாடல் நாடகங்களை இயற்றினார். அவற்றுள் ஏறத்தாழ இருநூறு இன்றுள்ளன. 1724-ஆம் ஆண்டு முதல் ஓராண்டளவும் ஒவ்வொரு வாரத்திற்கும் ஒவ்வொரு பழஞ்சபைப்பாட்டையே அடிப்படையாகக் கொண்டார்.

மத்தேயுவின்படியான பாடுகள் என்னும் பேரிசையிற் சிலுவையை நோக்கிப் பாடும் பாட்டொன்று ஐந்து முறை வருகின்றது. அம்மெட்டு 1601-இல் ஹாஸ்லர் என்பார் ஒரு காதற்பாட்டிற்கு வகுத்தது. பின்னரே அது திருச்சபைப் பாட்டிற்கு உரியதாயிற்று. அகத்துறையைப் பத்தித்துறையாக்கிய நம் நாட்டுப் பெரியோர் நெறியை அறிந்தார்க்கு இது வியப்பன்று.

1739-ஆம் ஆண்டு, லைப்சிக் சீர்திருத்தத்தை ஏற்று இருநூறாண்டு நிறைந்த ஆண்டு. அவ்வாண்டில் அவர் ஆர்கனுக்குரிய பெருநூலொன்றை அச்சிட்டார். அதனுள் 27 பகுதிகள். அவற்றுள் 21 சபைப்பாட்டுக்களின்மேல் எழுந்தன. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, திருவிருந்து ஆகிய ஞானோபதேசப் பகுதிகளுக்குரிய லுத்தரன் பாட்டுக்களை ஒவ்வொன்றும் இருமுறை அமைத்தார். ஒன்று காற்கட்டையோடு கூடிய பேரமைப்பு, மற்றொன்று கைக்கட்டைக்கு மட்டுமுரிய சிற்றமைப்பு. பெரியோர்க்குப் பேருபதேசமும் சிறுவர்க்குச் சிற்றுபதேசமும் லுத்தர் எழுதியமை இங்கு நினைவிற்கு வரும். நம் லுத்தரன் பள்ளிகளிற் சிறுவர் மனப்பாடம் செய்த ஞானோபதேசமும் அதுவே.

இறுதி

முதுமையிற் கண்ணொளி மங்கிற்று. 1750-ஆம் ஆண்டு வசந்தத்தில் ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கண் மருத்துவர் இருமுறை அறுவை செய்தும் பயனின்றிப் பார்வை முற்றும் போயிற்று. உடலும் நலிந்தது. அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள், அறுபத்தைந்தாம் அகவையில், பாக் மறைந்தார்.

1751-இல் அவரது கடைசிப் பெருநூல் அச்சேறிய பொழுது, அது முடிவுறாது நின்றமையால், ஈடு செய்வதற்காக ஒரு சபைப்பாட்டின் முன்னிசையை இறுதியிற் சேர்த்தனர். கண்ணிழந்த நிலையில் நண்பர் ஒருவர்க்கு அவர் வாயாற் சொல்லி எழுதுவித்தது அது என்று அந்நூலிற் குறித்துள்ளனர். அவ்விசை முழுதும் புதியதன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் வைமாரில் ஆர்கன் சிற்றேட்டில் எழுதிய ஒன்பது அளவுக் குறுமுன்னிசையே அதன் மூலம். இடுக்கண் மிக்க வேளையில் இறைவனை நோக்கும் பாட்டு அது. இளமையில் அம்மெட்டின்மேல் அவர் அணிகளை அள்ளிச் சொரிந்திருந்தார். முதுமையில் அவ்வணிகளைக் களைந்து, மெட்டை வெறுமையாய் நிறுத்தி, ஒவ்வோரடியும் வருமுன் கீழ்க்குரல்கள் அதனை மெல்லச் சொல்லிக் காத்திருக்குமாறு விரித்தார். கையெழுத்துப் படி ஒன்றில், இறைவன் அரியணை முன் வந்து நிற்பதைக் கூறும் வேறொரு பாட்டின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. இரண்டிற்கும் மெட்டு ஒன்றே. பிறர் பாட்டைத் தாமாக்கும் முயற்சியில் தொடங்கியவர், தம்மை அப்பாட்டின் முன் வெறுங்கையராய் நிறுத்தி முடித்தார்.

அவர் கல்லறைமேற் பெயரும் பொறிக்கப்படவில்லை. அன்னா மக்தலேனா அம்மையார் 1760-இல் அறச்சாலை உதவி பெறும் ஏழையாய் மறைந்தார். எண்பதாண்டுகள் கழிந்து 1829-இல் மெண்டல்சன் மத்தேயுவின்படியான பாடுகளைப் பெர்லினில் அரங்கேற்றிய பின்னரே உலகம் விழித்தது. 1950-இல் அவரது எச்சங்கள் தோமா ஆலயத்தினுள்ளே அடக்கம் பெற்றன. 1984-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அவர் இளமையில் வகுத்த சபைப்பாட்டு முன்னிசைகள் முப்பதளவு புதியனவாய் அறியப்பட்டன. ஆப்பிரிக்காவில் மருத்துவத் தொண்டாற்றிய ஆல்பர்ட் ஷ்வைட்சர் பாக்கின் இசையை நன்கு விளக்கிய அறிஞருள் ஒருவர். பாட்டின் சொற்களை அறியாதார்க்கு அவ்வார்கன் இசையின் பொருள் திறவாது என்பதே அவர் வற்புறுத்திய உண்மை.

நமக்கு ஆவது

நிற்க, இவ்வரலாற்றால் நாம் பெறுவது யாது? திருவண்ணாமலையில் வாழும் எமக்கு இவ்வினா அண்மையானது. மாணிக்கவாசகர் மகளிர் விளையாட்டுப் பாட்டாகிய அம்மானையை எடுத்துத் திருவம்மானையாகப் பாடியது இம்மலையடியிலே என்பது வழிவழிச் செய்தி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரோ குறவஞ்சி என்னும் பழங்கூத்து வகையை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி இயற்றினார். பழைய கலத்தில் புதிய பொருளை வார்த்தல் நம் மண்ணின் மரபே. பாக் செய்தது பழம்பொருளைச் சூழப் புதிய கலம் வனைதல். இரண்டும் ஒரே பற்றின் இருமுகங்கள்.

இன்று நம் ஆலயங்களில் ஞானப்பாட்டும் பாமாலையும் கீர்த்தனையும் உள்ளன. ஆர்மோனியம் இருந்த இடத்தைக் கீபோர்டு பெற்றுவருகின்றது. விசையை அழுத்தினால் தாளம் தானே ஒலிக்கின்றது. எப்பாட்டிற்கும் ஒரே தாளம், ஒரே முன்னிசை. பாட்டின் சொற்களை வாசிப்பவர் படித்தாரா என்பதை அறியோம். கருவியின் மேல் எமக்குப் பகையில்லை. பாக்கும் தம் காலத்துப் புதிய கருவியையே விரும்பி வாசித்தார். ஆயின் ஆதாமின் வீழ்ச்சிக்கும் ஆயர் மகிழ்ச்சிக்கும் ஒரே முன்னிசை வாசித்தல், பாட்டைப் பாடாமல் விடுதலினும் தாழ்ந்தது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. நம் கீர்த்தனைகள் இராகத்தில் அமைந்தவை. அவற்றின் கமகத்தைக் கட்டைக்கருவி முற்றும் தாங்காது. நான்கு குரல் ஒத்திசையை அவற்றின்மேற் சுமத்தின் இராகத்தின் முகம் சிதையும். ஆதலின் பாக்கின் ஒத்திசையை அவ்வாறே இறக்குமதி செய்தல் நமக்குத் தீர்வன்று. அவரிடத்து நாம் கொள்ளத்தக்கது நெறி. முதலிற் பாட்டின் சொல்லைக் கற்றல். பின் மெட்டை மதித்துக் காத்தல். பின்னரே தன் அறிவை அதனடியில் வைத்தல். பாடும் சபையார் வழி தவறாமை நோக்குதல். இந்நான்கையும் கைக்கொண்டு, நம் பாட்டொன்றிற்கு ஓர் இசைமாணவர் ஒரு பக்கம் முன்னிசை எழுதுவாராயின், அது சிறு பணியன்று.

பாக்கின் சிற்றேட்டில் 118 பாட்டுக்கள் பெயரோடு மட்டும் நிற்கின்றன. அவற்றிற்கு இசை எழுத அவர்க்குக் காலம் வாய்க்கவில்லை. நம் பாட்டு நூல்களிலோ எத்தனையோ பக்கங்கள் அவ்வாறே காத்துக் கிடக்கின்றன. பழையது பழையதென்று தொழுது மூடி வைப்பதும், பழையதென்று எறிவதும் ஒருதன்மையனவே. இரண்டும் அதனைத் திறப்பதில்லை. திறந்து உழைப்பார் நம்முட் சிலர் எழுக.